கோபுரத்தில் உட்கார்ந்த பொய்கள்

இரண்டு பொய்கள் இருந்தன. ஒன்றின் பெயர் 'நல்லாருக்கேன்'. அது செங்கோட்டையனுடையது. இன்னொன்றின் பெயர் 'இங்க ஒண்ணுமில்ல'. அது அவன் மனைவி வளர்மதியுடையது.

செங்கோட்டையன் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். போர்வெல் லாரியோடு வடக்கே போய் வருஷக்கணக்காகிறது. லாரிக்கடியில்தான் படுக்கை. பாறைப் புழுதியைத்தான் மூச்சாக இழுக்கிறான். சாயங்காலமானால் வீட்டுக்குப் போன் போடுவான். பொய் இரண்டும் கிளம்பி, நடுவழியில் ஒரு செல்போன் கோபுரத்தில் ஒன்றையொன்று கடந்து போகும். செங்கோட்டையனின் இருமலும் கூடவே கிளம்பப் பார்க்கும். அவன் போனை உள்ளங்கையால் பொத்தி அதை அமுக்கிவிடுவான்.

ஒருநாள் 'நல்லாருக்கேன்' கோபுரத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

"என்னால முடியலப்பா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே என்னை அனுப்புறான். நேத்து இருமினப்ப ரத்தம் வந்துச்சு. நான் அங்க போய்ச் சிரிச்சுக்கிட்டு நிக்கணுமாம்."

"நீ வேற," என்று பக்கத்தில் சாய்ந்தது 'இங்க ஒண்ணுமில்ல'. "என் ஆளு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன எடத்துல மயங்கி விழுந்துட்டா. நெத்தியில தையல். அதான் இப்பல்லாம் வீடியோ கால் வேண்டாங்குறா."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா அவருக்கு அங்க தூக்கம் வராதாம்."

"இப்ப மட்டும் என்ன, கொறட்டை விட்டா தூங்குறான்?"

பாசமாம் பாசம்! உடம்பு இரண்டும் நைந்துகொண்டிருக்க, இதற்குப் பெயர் பாசமாம்.

கோபுரம் பதறியது. "எந்திரிங்கப்பா. நீங்க போகலைன்னா அவங்க காதுல என்ன விழும்?"

"எதுவோ விழட்டும். காலு கடுக்குது," என்றன இரண்டும்.

வளர்மதி போனில் கேட்டாள்: "என்னுங்க, நல்லாருக்கீங்களா?"

பதில் வரவில்லை. செங்கோட்டையன் என்னவோ சொல்லத்தான் சொன்னான், அது போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில் இருமல் அவன் விரலிடுக்கு வழியே நழுவி ஓடியது. நிற்கவே இல்லை.

"அதென்னங்க சத்தம்?"

"தூசி, புள்ள."

"தூசிக்கு இப்படியா இருமுவாங்க? எங்கிட்டயே மறைக்கிறீங்களா?"

அவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ரத்தம் வந்ததைச் சொல்லிவிட்டான். அவள் அழுதாள். அழுகையோடு அழுகையாகத் தான் விழுந்ததும் தையல் போட்டதும் வெளியே வந்தது. இப்போது அவன் அழுதான்.

"வந்துருங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேருமே போகலாம்."

"வர்றேன். நாளைக்கே கிளம்பி வர்றேன், புள்ள."

இருவரும் அழுது முடித்தார்கள். போனை வைக்கவும் இல்லை. பிறகு வளர்மதி மெல்லக் கேட்டாள்:

"அப்ப இத்தனை வருஷமா, நான் யாருகிட்டங்க பேசிட்டிருந்தேன்?"