கயிறு பிடித்த கை

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். குருவுக்கு வயது முப்பத்தொன்பது. மடத்துச் சமையற்காரர் வேலப்பனுக்கு ஐம்பத்து மூன்று. சீடரைவிடக் குரு இளையவராக இருப்பதில் உள்ள சங்கடத்தைக் குருவே தீர்த்து வைத்திருந்தார். வேலப்பன் அவரைச் "சாமி" என்பார். அவர் வேலப்பனை "அண்ணே" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குச் சீடர் என்று கொஞ்ச நேரம் விளங்காது.

வேலப்பனின் கைப்பக்குவத்துக்காகவே மடத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஞானம் தேடி வருகிறவர்களைவிட ரசம் தேடி வருகிறவர்கள்தான் ஒழுங்காக வருகிறார்கள் என்று குரு சொல்வார்.

வேலப்பனுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மடத்தில் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை கெடாமல் இருக்க மற்றவர்கள் எல்லோரும் படாத பாடு பட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை, அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, பூப்பறித்துக்கொண்டிருந்த குருவிடம் வேலப்பன் வந்து நின்றார். வலது மணிக்கட்டில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு இருந்தது.

"கருப்பசாமி கோயில்ல கயிறு கட்டிட்டேன் சாமி. நாளையிலருந்து தொடமாட்டேன்."

"எதைண்ணே?"

வேலப்பன் தரையைப் பார்த்தார்.

"அதை."

குரு பூக்கூடையைக் கீழே வைத்தார்.

"சந்தோஷம்ணே. என்ன திடீர்னு?"

"எம் மக இளமதிக்கு ஆம்பளப் புள்ள பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் போயிருந்தேன். புள்ளையக் கையில குடும்மான்னு கேட்டேன். தரலை. 'கை நடுங்குதுப்பா, கீழ விட்டுருவீங்க'ன்னா."

"அப்புறம்?"

"சரின்னு வெளிய போய் ஒரு கட்டிங் போட்டுட்டு வந்தேன். நடுக்கம் நின்னுருச்சு. வாடை வருதுன்னு அப்பவும் தரலை."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலப்பன் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"அரிசி அறைச் சாவி. நாளைக்குக் காலையில நான் உள்ள போனதும் வெளியில பூட்டிருங்க. அஞ்சு நாள். நான் கத்தினாலும் கதறினாலும் தொறக்காதீங்க. வேலப்பன் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிருங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

குரு சாவியை வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சாமி. விட்டா எப்படி இருக்கும்? மொத நாள் என்ன வரும், மூணாம் நாள் என்ன வரும்? தெரிஞ்சுக்கிட்டா தாங்கிக்குவேன்."

குரு சாவியை இடுப்பில் செருகினார்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. வடக்கால கெடக்குற பழைய கெணத்தைத் தூர் வாரணும். வாங்க."

வேலப்பனுக்கு முகம் வெளிறியது.

"அந்தக் கெணறா? இப்ப எதுக்கு சாமி? போர் தண்ணியே போதுமே. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷமாக அவருடைய காலி பாட்டில்கள் எல்லாம் போய் விழுந்தது அந்தக் கிணற்றில்தான்.

"பருப்பை இறக்கி வச்சுட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் குரு நடந்தார்.

குரு கிணறு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். காவி கட்டுவதற்கு முன்னால் அப்பாவோடு எத்தனையோ கிணறுகளில் இறங்கி ஏறியவர். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து லாந்தர் விளக்கை ஏற்றினார். அதைக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே இறக்கினார்.

"பட்டப்பகல்ல வெளக்கு எதுக்கு சாமி?"

"உள்ள நல்ல காத்து இருக்கான்னு பாக்கணும். வெளக்கு அணைஞ்சா ஆள் எறங்கக் கூடாது. எங்க பெரியப்பா பாக்காம எறங்கினாரு."

"என்ன ஆச்சு?"

"நல்ல மனுஷன். ரொம்ப அவசரக்காரர்."

விளக்கு அடிவரை போயும் எரிந்தது. முழங்கால் அளவு தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

குரு மேல்துண்டை எடுத்து வைத்தார். வடக்கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையை உருளை மேல் போட்டு இழுத்து வேலப்பன் கையில் கொடுத்தார்.

"பிடிங்கண்ணே. நான் எறங்கறேன்."

"நான் மட்டுமா?"

"நீங்க மட்டும்தான். யாருக்கும் தெரிய வேண்டாம்."

மணி பத்து. விடிகாலையில் ஊற்றிக்கொண்டது இறங்கி, வேலப்பன் கை ஆட ஆரம்பிக்கும் நேரம். கயிறு அவர் கையில் தானாகத் துள்ளியது.

"சாமி, என் கையப் பாருங்க. இதை நம்பியா எறங்குவீங்க? இருங்க, நாலு பேரைக் கூப்பிடறேன்."

"நாலு பேர் எதுக்கு? எனக்கு மனசுல உறுதி இருக்கு. காலையில பூசையும் முடிச்சாச்சு."

"நல்லாருக்கு கதை! உங்க உறுதியக் கெணறு பாக்குமா? எந்தச் சாமியா இருந்தாலும் தனியா எறங்கக் கூடாது. மேல ஆள் வேணும். வெவரம் தெரிஞ்ச ஆளா வேணும்."

"பரவாயில்லண்ணே" என்று குரு ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தார். வெறுங்கால்.

வேலப்பன் கயிற்றோடு ஓடிவந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டார்.

"எறங்காதீங்க சாமி! உள்ள பூராக் கண்ணாடி! காலைக் கிழிச்சுரும்! நான் போட்ட பாட்டிலு. ஆறு வருஷமா நான்தான் போட்டேன்!"

மாட்டுக் கொட்டகையில் இருந்த இரண்டு பேரும், கீரைப் பாத்தியில் இருந்த தோட்டக்காரரும், அரிசி இறக்க வந்த வண்டிக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். ஆனால் வேலப்பன் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வேலப்பனே கேட்டதில்லை.

குரு காலை இந்தப் பக்கம் எடுத்தார். பக்கத்திலிருந்த புங்கமரத்துக்குப் பின்னால் போய், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் தடித்த கையுறையும் எடுத்து வந்தார். பூட்ஸில் கடைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"போன மாசமே வாங்கி வச்சுட்டேன்ணே. நீங்க எப்பச் சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

வேலப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குரு அவர் தோளைத் தட்டிக்கொண்டே பூட்ஸைப் போட்டுக்கொண்டார்.

நான்கு பேரும் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். குரு இறங்கினார்.

முதல் கூடை மேலே வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது. வண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே" என்று உள்ளேயிருந்து குருவின் குரல் வந்தது. "மொதல்ல நாத்தந்தான் வரும். மூக்கைப் பொத்திக்கங்க!"

பிறகு பாட்டில்கள் வந்தன. உடைந்தது, உடையாதது, சேறு அடைத்தது. வேலப்பன் ஒவ்வொரு கூடையையும் தானே வாங்கிக் கொட்டினார். நடுவில் ஒரு பித்தளைக் கரண்டியும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் தோட்டக்காரர் எடுத்துக்கொண்டார் என்று வேலப்பன் பெரிய சண்டை போட்டிருந்தார். தோட்டக்காரர் கரண்டியைப் பார்த்தார். வேலப்பனைப் பார்த்தார். கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எட்டிப் பாருங்க!"

வேலப்பன் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கறுப்புக் குழம்பாகக் கலங்கியிருந்தது.

"முன்னைக்கு இப்ப ரொம்ப மோசமா இருக்கே சாமி!"

"கை வச்சா அப்படித்தான் இருக்கும். ரெண்டு மூணு நாளைக்கு இன்னும் மோசமாத் தெரியும். கெணறு கெட்டுப்போச்சுன்னு யாராவது மூடச் சொல்வாங்க. மூடிராதீங்க!"

நடுப்பகலுக்குக் குரு மேலே வந்தார். உச்சி முதல் பூட்ஸ் வரை சேறு. மூச்சு வாங்கச் சுவரில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வேலப்பனின் உள்ளங்கையில் வைத்தார். சாவி நடுங்கியது.

"அண்ணே, நாளைக்கு உங்களை உள்ள வச்சுப் பூட்டட்டுமா?"

வேலப்பன் சாவியைப் பார்த்தார். கயிறு பிடித்த நான்கு பேரைப் பார்த்தார்.

"நாலு பேரைக் கூப்பிடுங்க சாமி" என்றார்.

அன்று மதியமே அரிசி வண்டியில் ஏற்றி அவரைத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் குரு இளமதிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

டாக்டரம்மா கேட்டார்: "கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

"இன்னிக்கு விடிகாலையில."

"முன்னாடி எப்பவாவது நிறுத்திப் பாத்திருக்கீங்களா?"

"ஒரு சிவராத்திரிக்கு ரெண்டு நாள் தொடலை. கை கால் வெட்டி வெட்டி இழுத்து விழுந்துட்டேன். கருப்பன் அடிச்சிட்டான்னு நெனச்சேன்."

"கருப்பன் பாவம், அவரை விடுங்க. இத்தனை வருஷம் தெனம் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். பூட்டின அறையில வந்திருந்தா உயிரே போயிருக்கும்."

வேலப்பன் குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"வேர்க்கும், நடுங்கும், தூக்கம் வராது, வாந்தி வரும்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டாம் நாள், மூணாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு, குளுக்கோஸ் இருக்கு. பக்கத்துலயே நாங்க இருக்கோம். ஒரு வாரத்துல உடம்பு அடங்கிரும். மனசு கேக்குறது அதுக்கப்புறமும் இருக்கும். அதுக்கும் இங்க வாங்க, பேசலாம்."

"இதெல்லாம் சாமி காலையிலயே சொல்லிட்டாரும்மா."

டாக்டரம்மா குருவைப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. கெணறு வெட்டுற ஆளு."

வெள்ளிக்கிழமை வேர்த்தது. போர்வையும் தலையணையும் நனைந்தன. சனிக்கிழமை, குடித்த கஞ்சி நிற்கவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் குரு கூடவே எழுந்து, வராந்தா முனை வரை நடந்து, பேச்சுக் கொடுத்துத் திருப்பிக் கூட்டிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலப்பன் போர்வையிலிருந்து எறும்புகளைத் தட்டிவிட ஆரம்பித்தார். எறும்பு எதுவும் இல்லை. நர்ஸ் வந்து ஊசி போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது. ஜன்னல் ஜன்னலாக இருந்தது. போர்வை சுத்தமாக இருந்தது. பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

அப்புறம்தான் கையைப் பார்த்தார். குருவின் காவி மேல்வேட்டி முறுக்கப்பட்டு, அதன் ஒரு முனை தன் வலது கையில், கறுப்புக் கயிற்றுக்கு மேலேயே சுற்றி, விரல்களுக்குள் இறுகப் பிடிபட்டிருந்தது. மறுமுனை, கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குருவின் இடுப்பில் இறுக முடிந்திருந்தது. குரு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

வேலப்பன் அசைந்ததும் அவர் விழித்தார்.

"பசிக்குதாண்ணே?"

"இது என்ன சாமி?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்கதான் கட்டினீங்க. சாமி கெணத்துக்குள்ள இருக்காரு, விட்டுராதீங்கடான்னு ஒரே சத்தம். நர்ஸம்மா அவுக்க வந்தாங்க. அவங்களையும் ஒரு முனை பிடிக்கச் சொன்னீங்க."

வேலப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் தூங்கினப்பவாவது அவுத்துட்டுப் போயிருக்கலாமே சாமி. ரெண்டு நாளா இப்படியேவா?"

"எங்க போறது? நான்தான் கெணத்துக்குள்ள இருந்தேனே."

வேலப்பன் சிரித்தார். பிறகு, சுற்றியதை மெதுவாக அவிழ்த்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்துப் பார்த்தார். விரல் நுனிகள் இன்னும் லேசாக ஆடின. சிரிப்பு நின்றுபோனது.

"இன்னும் நடுங்குது சாமி. புள்ளையத் தருவாளா?"

குரு மேல்வேட்டியை உதறி மடித்தார்.

"நேத்து இளமதி வந்திருந்துச்சுண்ணே. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. இந்தக் கையையே பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு."

வேலப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?"

"'கை நடுங்குது சாமி, ஆனா விடவே இல்லையே'ன்னுச்சு."