முள்ளாயி காத்த உள்குகை

நெடும்பாறைக் காட்டில் முள்ளாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. காட்டின் பொதுக் களஞ்சியத்தைக் காப்பது அதன் வேலை.

களஞ்சியம் என்பது பாறைக்குள் இருந்த இரண்டு குகைகள். எல்லா விலங்குகளும் தாம் தேடும் தீனியில் ஒரு பங்கை அங்கே கொண்டுவந்து போடும். வெளிக்குகையில் சேர்வது அந்தந்த ஆண்டுச் செலவுக்கு. காவல் நிற்கும் மான்களுக்கும், குட்டி ஈன்ற தாய்களுக்கும், குளத்தில் தூர் வாருகிறவர்களுக்கும் அதிலிருந்துதான் படி அளப்பார்கள். உள்குகையில் சேர்வது பஞ்சத்துக்கு. அதன் வாயை ஒரு பெரிய கல் அடைத்திருந்தது. தலைவரும் முள்ளாயியும் இருவருமே சம்மதித்தால்தான் அந்தக் கல்லைத் தள்ளலாம் என்பது காட்டுச் சட்டம்.

ஓர் ஆண்டு காட்டு மூங்கிலெல்லாம் ஒன்றாகப் பூத்தது. மூங்கிலரிசி மழைபோல உதிர்ந்தது. வெளிக்குகை நிரம்பி வழிந்தது. அரிசியை என்ன செய்வது என்று பேசச் சபை கூடியது.

கூத்தன் என்ற கருமந்திதான் முதலில் பேசியது. தென்மலைக் காட்டிலும் மூங்கில் பூத்திருக்கிறதாம். அங்கே எல்லாருக்கும் படியை இரண்டு மடங்காக்கிவிட்டார்களாம். தினமும் விருந்தாம். நாமும் அப்படியே செய்யலாம் என்றது. கேட்டவர்களின் நாக்கில் நீர் ஊறியது.

முள்ளாயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

"பூத்த மூங்கில் பட்டுப்போகும். இந்த அரிசி அடுத்த ஆண்டு வராது. இன்று கூட்டிக் கொடுத்த படியை நாளைக்குக் குறைத்தால் யார் பொறுத்துக்கொள்வார்கள்?"

தலைவரான காட்டெருமை கருமலை வெகுநேரம் அசைபோட்டது. பிறகு தீர்ப்பைச் சொன்னது. வழக்கமாக என்ன செலவோ அதுதான் இந்த ஆண்டும். குளக்கரை உடைந்திருப்பதால் அதைக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் படி. மீதி எல்லாம் உள்குகைக்குள்.

கூத்தனும் அதன் கூட்டமும் முள்ளாயியைக் கருமி என்று ஏசின. முள்ளாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் கல்லின் ஓரத்து இடுக்கில் மூக்கை வைத்து மூச்சை இழுக்கும். காய்ந்த அரிசியின் மணம் வரும். எந்தக் காட்டிலும் இப்படியொரு களஞ்சியம் கிடையாது என்று அதற்கு நெஞ்சு நிமிரும்.

அது சொன்னபடியே அடுத்த ஆண்டு மூங்கில் பட்டுப்போனது. அதோடு மழையும் பொய்த்தது. புல் கருகியது. கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே வற்றிச் சுருங்கின. களஞ்சியத்துக்கு வந்த பங்கு குறைந்துகொண்டே போனது. வெளிக்குகையின் தரை தெரிந்தது.

கருமலை களஞ்சியத்துக்கு வந்தது. அதன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"கல்லைத் தள்ளலாமா, முள்ளாயி?"

"கொஞ்சம் பொறுங்கள், தலைவரே. இதைவிட மோசமான காலம் வந்தால் என்ன செய்வது?"

கருமலை கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர் மட்டும் சம்மதித்தால் போதாது என்று அதற்குத் தெரியும். திரும்பிப் போய்விட்டது.

முள்ளாயி எல்லாருடைய படியையும் பாதியாகக் குறைத்தது. அப்புறம் அதையும் குறைத்தது. காவல் மான்கள் நின்றபடியே கண் அயர்ந்தன. குளத்தில் தூர் வாரும் வேலை நின்றது. தனக்கும் முள்ளாயி அதே படியைத்தான் எடுத்துக்கொண்டது. பசி வயிற்றைக் கிள்ளியபோதெல்லாம் இடுக்கில் மூக்கை வைத்து, உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

ஒருநாள் காலையில் வெள்ளச்சி என்ற முயல் வந்தது. அது அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. ஆனால் உடம்பில் தோலும் எலும்பும்தான் இருந்தன. படி கேட்டுத்தான் வந்திருக்கிறது என்று நினைத்து, வெளிக்குகை காலி என்று சொல்ல முள்ளாயி வாயெடுத்தது.

வெள்ளச்சி தன் வாயிலிருந்து ஒரு வாடிய நெல்லிக்காயைத் தரையில் வைத்தது.

"என் பங்கு, அக்கா. இந்த ஆண்டு இவ்வளவுதான் கிடைத்தது."

முள்ளாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "குட்டிகளுக்குப் பால் இருக்கிறதா?" என்று கேட்டது.

"இல்லை. ஆனாலும் நம்ம குகை நிறைந்திருக்கிறது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே. அது என்னால் குறைந்ததாக இருக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு முயல் மெல்ல நடந்தது. நாலடி போனதும் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

முள்ளாயி அந்த நெல்லிக்காயைப் பார்த்தது. பசித்த தாய் கொடுத்ததை வாங்கி, நிறைந்த குகைக்குள் போடுவதா? இத்தனை நாளும் தான் காத்தது அரிசியையா, காட்டையா? வெட்கம் அதைப் பிடுங்கித் தின்றது. காயை வெள்ளச்சியின் வாயில் ஊட்டிவிட்டு, கருமலையைத் தேடி ஓடியது.

"தலைவரே, வாருங்கள். கல்லைத் தள்ளுங்கள். முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் தப்பு செய்துவிட்டேன்."

கருமலை கொம்பைக் கொடுத்துத் தள்ளியது. கல் புரண்டது. அரிசி சரிந்து வெளியே கொட்டியது. பசித்த கூட்டம் முண்டியடித்தது. முள்ளாயி முள்ளை விரித்துக்கொண்டு நடுவில் நின்றது. அடுத்த மழை வரைக்கும் தாங்குமாறு அளந்தது. பால் கொடுக்கும் தாய்களுக்கு முதலில் கொடுத்தது. பிறகு காவல் மான்களுக்கு, பிறகு குளத்தில் தூர் வாருகிறவர்களுக்கு, மற்ற எல்லாருக்கும். கூத்தனும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது.

தென்மலைக் காட்டில் இருந்தவர்கள் தீனி தேடி எங்கெங்கோ சிதறிப்போனார்கள். நெடும்பாறைக் காட்டை விட்டு ஒருவரும் போகவில்லை.

கடைசியில் மழை வந்தது. புல் தளிர்த்தது. உள்குகையில் அப்போது ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் அரிசி கிடந்தது. கூத்தன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை பாடுபட்டுக் காத்ததெல்லாம் போய்விட்டதே, வருத்தமாக இல்லையா என்று கேட்டது.

முள்ளாயி குளக்கரையைக் காட்டியது. அங்கே மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் துள்ளி ஓடிக்கொண்டிருந்தன.

"எங்கே போனது? அதோ, ஓடி விளையாடுகிறதே."

அதன் நெஞ்சு அன்று நிமிர்ந்தது போல என்றும் நிமிர்ந்ததில்லை. மறுநாளே புதிய பங்கைச் சேர்க்கத் தொடங்கியது.

நல்ல காலத்தில் கையை இறுக்கிச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, கெட்ட காலத்தில் தாமதிக்காமல் கையை விரித்துக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.