பேச்சியிடம் கேட்ட சொல்

"என் மகனை எழுப்பித் தருவியா மாட்டியா, தாயி?"

பலவேசம் கேட்டது பேச்சியிடம். அவர் காவலர், அவள் கைதி. வயதிலும் அவர்தான் மூத்தவர். ஆனாலும் பல வருஷமாக அவள் அறை வாசலில் உட்கார்ந்து பாடம் கேட்டவர் அவர். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பேச்சி வாக்குக்காரி. அவள் ஏவினால் நடந்துவிடும். 'வா' என்றால் வந்துதான் ஆக வேண்டும், 'போ' என்றால் போய்த்தான் ஆக வேண்டும். இப்படிப்பட்டவர்களைப் பிடித்து அடைக்கத்தான் மலைமேல் ஊமைக்கோட்டையைக் கட்டினார்கள். உள்ளே வந்தவர்கள் முதலில் மறக்க வேண்டியது ஏவல் சொல்லை. 'உட்காருங்க' என்று உபசாரத்துக்குக்கூடச் சொல்லக் கூடாது. 'உட்காரலாமே' என்பார்கள்.

"சன்னல் வழியாப் பாரு தாயி. உதடு வெடிச்சுக் கெடக்கு. பால் ஊத்தினா கடைவாய் வழியா வழியுது."

பேச்சி எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் நின்ற மாட்டுவண்டியில், வைக்கோல்மேல் கொம்பையா தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாவைப் போல அவனும் காவலன்தான், கிழக்குக் கோட்டையில்.

"யாரு தூங்க வெச்சது?"

"அங்க அடைபட்டிருந்த ஒரு பொம்பளை. 'காவலுக எல்லாரும் நிம்மதியாத் தூங்குங்க'ன்னு சொல்லிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஓடிட்டா. காவல் மொத்தமும் தூங்குது. எந்திரிங்கன்னு சொல்ல ஆளில்லை."

"கொல்லலியே."

"சோறு தண்ணியில்லாமத் தூங்கினா சாவுதான? அது கொலையில்லையா?"

"கொலைதான்."

அவள் ஒப்புக்கொண்டது அவருக்கு எரிச்சலாக இருந்தது. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"எதுக்கு அப்படிச் சொன்னா?" என்று பேச்சி கேட்டாள்.

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளைகளோட நாக்கை அறுத்தாங்க."

"யாரு?"

"காவலுக. எம் மகனுந்தான்." உடனே நிமிர்ந்தார். "சும்மா அறுக்கலை தாயி. ஒரு பொடியன் விளையாட்டுச் சண்டையில இன்னொருத்தனை 'செத்துப் போடா'ன்னுட்டான். அவன் அங்கேயே விழுந்து செத்தான். பிள்ளைகளுக்கு நாக்கை அடக்கத் தெரியாதுன்னு மேலேருந்து உத்தரவு. எம் மகன் என்ன செய்வான்?"

"பிள்ளைக என்ன செய்யும்?"

இந்தப் பெண்ணிடம் பாடம் கேட்க உட்கார்ந்ததே தப்பு என்று பலவேசத்துக்குத் தோன்றியது. நியாயம் தன் பக்கம்தான் என்று நம்பி வருவார். திரும்பும்போது அது எந்தப் பக்கமும் இருக்காது.

"இங்கயும் உத்தரவு வந்திருக்கு. பொழுது சாயறதுக்குள்ள எல்லா நாக்கையும் அறுத்தாகணும். உன்னோடதை நான்தான் அறுக்கணும்."

"தெரியும். காலையிலேருந்து சாணை பிடிக்கிற சத்தம் கேக்குது."

"அந்தப் பொம்பளையை எங்க போய்த் தேடுவேன்? உன் நாக்கும் போயிட்டா அவனை எழுப்ப நாதியில்லை. சொல்லேன் தாயி!"

"சொல்லுதேன். எதைச் சொல்லட்டும்?"

"இது என்ன கேள்வி?"

பேச்சி சன்னலை விட்டு விலகி வந்து உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல என் தம்பி கஞ்சியைக் கொட்டிட்டான். எல்லா அக்காவும் திட்டுத மாதிரி, தொலைஞ்சு போகச் சொல்லிட்டேன். போனவன்தான். எங்க அம்மா இன்னும் தேடுதா. அதிலேருந்து ஏவல் சொல்லை நானாத் தேர்ந்தெடுக்கறதில்லை. நீங்க எடுத்துக் குடுத்தா அப்படியே சொல்லுதேன், ஒரு எழுத்து மாறாது. இன்னைக்கு வாக்கு உங்களோடது, அண்ணாச்சி."

இப்போது சொல்லைத் தேட வேண்டியவர் பலவேசம். பார்த்துப் பேசு, அடக்கிப் பேசு என்று அடுத்தவர்களை மிரட்டியே வயிறு வளர்த்தவர் அவர்.

"'எந்திரி'ன்னு சொல்லு... இரு, இரு!"

அவள் உதடு பிரிவதற்குள் கையை நீட்டித் தடுத்தார். எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். உத்தரவு பாக்கி இருந்தால் சோறு இறங்காது அவனுக்கு. அப்படி வளர்த்தது வேறு யார்?

"'எந்திரி, ஆனா யார் நாக்கையும் அறுக்காதே'. இதைச் சொல்லு."

"சரி. உத்தரவை மீறுன காவலுக்கு என்ன தண்டனை?"

தூக்கு. சமீபத்தில் ஒருவனுக்குக் கயிற்றைப் பிடித்தவரே பலவேசம்தான்.

"அப்ப, 'எல்லாக் காவலும் கத்தியைக் கீழ போடுங்க'."

"போட்டதும் உள்ள இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? அவங்க கோபத்தை நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறார். அவர் கன்னத்துத் தழும்பே அதற்குச் சாட்சி.

"'யாரும் யாரையும் வெறுக்காதீங்க'. இதுலயாவது குத்தம் சொல்லாதே தாயி."

"அறுபட்ட பிள்ளையோட அம்மாவுமா வெறுக்கக் கூடாது?"



முரசு கொட்டியது. கத்திகளோடு காவலர்கள் படியேறும் சத்தம் கேட்டது. வண்டியில் கொம்பையாவின் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று.

பலவேசம் அழுதார். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதார்.

"எனக்கு நியாயம் வேண்டாம். எம் பிள்ளை வேணும். 'எந்திரி'. அவ்வளவுதான்."

"வேற எதுவும் சேக்கணுமா?"

"எதைச் சேத்தாலும் யாரோ சாவுதாங்க. வேண்டாம்."

பேச்சி சன்னலருகே போனாள்.

"கொம்பையா, எந்திரி."

பலவேசம் விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். மகன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். அவர் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தான்.

பிறகு பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"கண்ணசந்துட்டேம்பா. வரிசையில இன்னும் ரெண்டு பிள்ளைக நின்னுச்சே, அதுகளுக்கு அறுத்தாச்சா?"