அக்கரைப் பூக்கடையும் அரசரின் கிளியும்

"சூதாடுகிறவன் காசைத் தேடிப் போவதில்லை, அவன் தேடிப் போவது..." என்று பெரிய ராஜா ஒருநாள் சபையில் சொன்னாராம். மீதி வார்த்தைகள் யாருக்கும் நினைவில் இல்லை. அவர் மகன் கீர்த்திவளவருக்கும் இல்லை.

ஆறுகளுக்குப் பாலம் வராத காலம் அது. அந்தக் கீர்த்திவளவர் வெண்கரை நாட்டை ஆண்டுவந்தார். முன்பெல்லாம் கோபம் வந்தால் மழையையே சிறையில் போடச் சொல்வார், மறுநாள் காலையில் மறந்துவிடுவார். ராணி காலமான பிறகு கோபமும் குறைந்தது, பேச்சும் குறைந்தது. நூறு பேர் உட்காரும் உணவுக்கூடத்தில் ஒரே ஓர் இலை விழும். அரசரைப் பார்த்துச் சாப்பிட்டீர்களா என்று கேட்பது மரியாதையில்லை என்பது அந்த அரண்மனை வழக்கம். ஆகவே யாரும் கேட்பதில்லை.

ஆற்றுக்கு அக்கரை வேறொரு ராஜ்ஜியம். அங்கே ஒரு சூது மண்டபம் இருந்தது. வெண்கரையில் சூதுக்குத் தடை என்பதால் மண்டபத்தார் கிளிகளைப் பழக்கி அனுப்பினார்கள். கிளி வந்து ஜன்னலில் உட்காரும். காலில் சிவப்பு நூல் கட்டினால் சின்னப் பந்தயம், மஞ்சள் நூல் என்றால் பெரியது. அது பறந்து போகும், அங்கே பகடை உருளும். பந்தயப் பணத்தை ஊர்க் காசுக்கடையில் கட்டினால் போதும், அக்கரைக் காசுக்கடை மண்டபத்தில் கொடுத்துவிடும். யாரும் ஆற்றைக் கடந்து போக வேண்டியதில்லை.

குயவர் சடையனின் வீட்டிலும் ஒரு கிளி வந்துபோனது. அவரும் மனைவியை இழந்தவர். பானை விற்ற காசு போய், கடைசியில் சக்கரமும் அடகுக்குப் போயிற்று.

அரசரின் ஜன்னலுக்கும் ஒன்று வந்தது. "சாப்பிட்டீங்களா? முகம் வாடியிருக்கே. ஒரு ஆட்டம் போடுவோமா?" என்றது. அரசர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். ஜெயிக்க ஆசையில்லை, அது திரும்பி வர வேண்டும் என்றுதான். சமையற்காரர் பெயரில் பணம் கட்டினார். தன்னைப் பார்த்து மட்டுமே அது அப்படிக் கேட்கிறது என்று நம்பினார்.

தளபதி காளத்தியாருக்கு இது தெரியாது. கிளி வைத்திருப்பவனுக்குச் சவுக்கடியும் சிறையும் என்று அவர் அறிவித்தார். சிறை நிரம்பியது, கிளிகள் குறையவில்லை.

அமைச்சர் பூவராகர் சபையில் எழுந்தார். ஆடுகிறவர்களை எல்லாம் உள்ளே தள்ளினால் வெளியே தளபதியும் சவுக்கும்தான் மிஞ்சும் என்றார். சபை சிரித்தது. "கிளி பறக்கட்டும் மகாராஜா, காசு பறக்க வேண்டாம். சூது மண்டபத்துக்கு எந்தக் காசுக்கடையும் பணம் அனுப்பக் கூடாது என்று ஒரு ஆணை போதும்."

அரசர் முத்திரையைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். பணம் நின்றால் கிளி வராது. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசியில் முத்திரை வைத்தார்.

சில நாட்களில் காளத்தியார் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். மண்டபத்தின் பெயரில் இப்போது யாரும் பணம் கட்டுவதில்லையாம். எல்லாரும் 'அக்கரைப் பூக்கடை' என்ற பெயரில் கட்டுகிறார்களாம். "அமைச்சரின் ஆணைக்கு அக்கரைக்காரன் மாலையே போட்டுவிட்டான்" என்றார். அரசருக்கு உள்ளூர நிம்மதி. கிளி வந்துகொண்டிருந்தது.

பூவராகர் அசரவில்லை. "நல்ல செய்திதானே. நம் ஜனங்கள் இவ்வளவு பூ வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பூ வந்து துறையில் இறங்கியதும் கடைக்காரனுக்குப் பணம் கொடுக்கச் சொல்வோம். வாங்கியவர்கள் வந்து கூடையை எடுத்துப் போகட்டும். மகாராஜாவும் பார்க்க வர வேண்டும்."

குறித்த நாளில் துறையில் பெருங்கூட்டம். பணம் கட்டியவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். அரசரின் சமையற்காரரும் ஓர் ஓரமாக நின்றார். படகு வந்தது, வைக்கோல் இறங்கியது, இரண்டு ஆடுகள் இறங்கின. பூ இல்லை. அடுத்த படகிலும் ஓர் இதழ் இல்லை.

"மல்லிகை மொட்டு விரிய நேரமாகும் போலிருக்கிறது" என்றார் பூவராகர்.

பூ வரவில்லை, கிளிகள் வந்தன. பணம் நின்றதில் பதறிய மண்டபத்தார் எல்லாக் கிளிகளையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் தன் ஆளைத் தேடி இறங்கியது. சடையனின் தோளில் ஒன்று உட்கார்ந்தது.

"சாப்பிட்டீங்களா? முகம் வாடியிருக்கே. ஒரு ஆட்டம் போடுவோமா?"

எண்ணெய்ச் செட்டியாரின் தோளிலும் அதே கேள்வி. கரையெங்கும் அதே குரல், அதே குழைவு. கடைசியாக ஒன்று வட்டமடித்து வந்து அரசரின் தோளில் இறங்கி, அதையே கேட்டது.

கூட்டம் முழுவதும் அரசரைத் திரும்பிப் பார்த்தது. காளத்தியாரின் கையில் சவுக்கு இருந்தது. பூவராகர் அவர் பக்கம் திரும்பி, கிளி வைத்திருப்பவருக்கு என்ன தண்டனை என்று தளபதிதான் சொல்ல வேண்டும் என்றார். காளத்தியார் சவுக்கைச் சால்வைக்குள் மறைத்தார். ஆனால் அதன் நுனி வெளியே தொங்கியது.

அரசர் கோபப்படவில்லை. சடையனிடம் நடந்து போனார்.

"உம்மிடமும் தினம் இதைத்தான் கேட்குமா?"

"ஆமாங்க சாமி. வேற யாரு கேக்குறா? பதில் சொல்றதுக்காகவே நூல் கட்டினேன்."

"என்ன பதில் சொல்வீர்?"

"சாப்பிட்டேன்னு பொய் சொல்வேங்க."

"நானும்தான்" என்றார் அரசர்.

பிறகு பூவராகருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். சிறையைத் திறந்துவிடும்படியும், சடையனின் சக்கரத்தை மீட்டுத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும்படியும் காளத்தியாரிடம் சொன்னார். எந்தப் பெயரில் இருந்தாலும் சூதுக்குப் போகும் பணத்தைக் காசுக்கடைகள் நிறுத்த வேண்டும், அரண்மனைப் பணத்தை முதலில் நிறுத்த வேண்டும் என்று ஆணையைத் திருத்தினார்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குச் சடையன் வீட்டுக்குப் போவது என்று அரசர் முடிவு செய்தார்.