சிவக்க மறந்த கிருமி

"மேடம், இது செத்துப் போச்சு" என்றார் ஞானதிரவியம்.

டாக்டர் ஹமீதா அவர் நீட்டிய தட்டை வாங்கிப் பார்த்தார். மூடிக்குள் கிருமிகள் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன.

"நல்லாத்தானே வளந்திருக்கு?"

"வளந்திருக்கு. சிவப்பு போயிடுச்சு. செராசியா கிருமின்னா ரத்தச் சிவப்பா இருக்கணும். இது தேங்காய்ச் சில்லு மாதிரி வெளுத்துக் கிடக்கு."

"எங்க வச்சிருந்தீங்க?"

"இன்குபேட்டர்லதான், முப்பத்தேழு டிகிரியில. எல்லாக் கிருமியையும் அங்கதானே வைக்கிறோம்."

ஞானதிரவியத்தின் இன்னொரு கையில் ஒரு காகிதம் இருந்தது. ராஜினாமாக் கடிதம்.

இந்தக் குருகுலத்தில் எல்லாமே தலைகீழ். குருவுக்கு முப்பத்தைந்து வயது, சீடருக்கு நாற்பத்தாறு. வால்பாறை எஸ்டேட் பள்ளியில் வாத்தியாராக இருந்தவருக்குக் கிருமிகளை ஆராய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மனைவியையும் ஒன்பது வயது மகளையும் மலையில் விட்டுவிட்டுத் திருச்சி வெயிலுக்கு, ஹமீதாவின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். ஆசை யாரை விட்டது.

"ஊர்ல இருந்தப்ப மகளுக்கு தினம் ஒரு கதை சொல்லுவேன், மேடம். நானே கட்டுறதுதான். 'அப்புறம்?' 'அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே தூங்கிடுவா. இப்ப ஞாயித்துக்கிழமை போன்ல கேக்குறா. வாயில ஒண்ணும் வரல. போன வாரம் அவளே, 'பரவால்லப்பா, சாப்டீங்களா'ன்னு கேட்டுட்டு வச்சுட்டா."

எட்டு மாதமாக ஒண்டிக்கட்டை வாழ்க்கை. மதியச் சாப்பாட்டைக்கூட விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிடுவார்.

"எனக்குள்ள இருந்தது அழிஞ்சு போச்சு. ஊருக்கே போயிடறேன். கையெழுத்துப் போடுங்க."

ஹமீதா கடிதத்தை மேசைமேல் வைத்தார். அது பறக்காமலிருக்க அதே தட்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"சிவப்புக்கான ஜீன் அழிஞ்சிருச்சா, சார்? சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பாருங்க. கையெழுத்து ஞாயித்துக்கிழமை."

அன்று வியாழன்.

வெள்ளைக் கிருமியில் கொஞ்சம், பழைய சிவப்புக் கிருமியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார் ஞானதிரவியம். இரண்டு தடவை செய்தும் ஒரே விடைதான். சனிக்கிழமை வந்து நின்றார்.

"ஜீன் இருக்கு, மேடம். சிவப்புலயும் இருக்கு, வெள்ளையிலயும் இருக்கு."

"ம்."

"இருக்கு. ஆனா பேசல."

"ம்" என்றார் ஹமீதா மறுபடியும். தேவைக்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து வராது. பேச்சுக்கு ஆள் இல்லாமல் ஆறு வருடம் அந்த ஆய்வகத்தில் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருப்பார். ஏன் என்று கேட்கத்தான் யாரும் இல்லை.

மறுநாள் மதியம் ஞானதிரவியம் கையெழுத்துக்காக வந்தார். கடிதத்தைப் பார்க்கப் போனவர் தட்டைப் பார்த்தார்.

சிவந்திருந்தது. ஓரத்தில் இளஞ்சிவப்பு, நடுவில் நல்ல சிவப்பு.

"என்ன மருந்து விட்டீங்க, மேடம்?"

"ஒண்ணும் விடல."

"பின்ன?"

ஹமீதா சுவரில் தொங்கிய வெப்பமானியைக் காட்டினார். ஏசி அறை. இருபத்தாறு டிகிரி.

ஞானதிரவியம் அறையின் அந்தப் பக்கம் திரும்பினார். இன்குபேட்டரின் நெற்றியில் முப்பத்தேழு என்று எரிந்துகொண்டிருந்தது.

"சூடு தணிஞ்சதும் பேசிடுச்சு. அப்ப நானும் மலைக்கே போயிடணும்னு சொல்றீங்க."

"இது மலைக்கா போச்சு, சார்?"

அவர் கண்ணாலேயே அளந்தார். இன்குபேட்டரிலிருந்து மேசைக்கு எட்டு அடி இருக்கும்.

போன் அடித்தது. மகள். எப்போதும் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மனிதர், வழக்கம்போல வாசல் பக்கம் நகர்ந்தார்.

ஹமீதா எதிரிலிருந்த நாற்காலியை அவர் பக்கம் காலால் தள்ளிவிட்டார்.

ஞானதிரவியம் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார்.

"அப்பா, சாப்டீங்களா?" என்றாள் மகள். கதை கேட்கவில்லை. கேட்பதையே விட்டுவிட்டாள் என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"சாப்பாடு கிடக்கட்டும். நம்ம மூணாம் நம்பர் தேயிலைக் காட்டுல ஒரு காட்டெருமை இருக்குல்ல?"

"ஆமா..."

"அதுக்குக் கொஞ்ச நாளா கண்ணு மங்கல். கொழுந்து எது, கொழுந்து பறிக்கிற அக்கா எதுன்னு தெரியல. சரி, ஒரு கண்ணாடி போட்டுக்கலாம்னு கிளம்பி, காலையில முதல் பஸ்ஸுக்கு வந்து நின்னுச்சு. கண்டக்டர் ஏற இறங்கப் பாத்தாரு. 'உனக்கு ஒரு டிக்கெட்டா, நாலு டிக்கெட்டா?'ன்னு கேட்டாரு..."

மூச்சு வாங்க நிறுத்தினார். போனில் சத்தமே இல்லை.

எதிரே ஹமீதா பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அப்புறம்?" என்றார்.