பனங்காட்டுக் கட்டடப் பள்ளியும் பாதிக் கூடும்

குருவி கேட்டால் பனைமரம் பதில் சொன்ன அந்தக் காலத்தில், யாரும் யாரிடமும் படித்துக்கொண்டு வீடு கட்டியதில்லை. அவரவருக்குத் தோன்றியபடி கட்டினார்கள். ஓர் ஆடி மாதம் அடித்த காற்றில் பனங்காடு முழுக்க ஒரு கூடுகூட மிஞ்சவில்லை. அழுது முடித்த கையோடு எல்லோரும் ஓடைக்கரையில் கூடி, ஒரு கட்டடப் பள்ளி தொடங்கினார்கள்.

அடேயப்பா, என்ன பள்ளி அது! மண்வேலை சொல்லித்தரக் கறையான் அம்மாள். அவள்தான் தலைமை, புற்றைவிட்டு வெளியே வராமலே காட்டை ஆண்டாள். கோடு போட்டு வரையச் சிலந்தி. கட்டியதைச் சோதிக்கக் குளவியார். விடிந்தால் மண் குழைப்பதும் நார் கிழிப்பதுமாகக் காடே கல்யாண வீடு போல் இருக்கும்.

பள்ளிக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டை முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் சோதனை. குளவியார் வெளியே ஒரு சுற்றுச் சுற்றுவார். பார்வைக்கு நன்றாக இருந்தால் ஒரு பொட்டு மண்ணை முத்திரையாக ஒட்டுவார். அவ்வளவுதான், தேர்ச்சி! பூச்சுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கப் பெரியவருக்கு நேரம் ஏது?

அப்படி முத்திரை வாங்கிய ஒரு கூட்டில்தான் தவிட்டி என்ற பெண் தூக்கணாங்குருவி மூன்று முட்டை இட்டாள். கூடு அறுந்து கிணற்றில் விழுந்தது. முட்டைகளும் போயின. மறு ஆண்டும் அவளுக்கு முட்டையிடும் நாள் நெருங்கியது. வீடு தேடி அலைந்தாள் பாவம்.

அன்று பள்ளியில் பரிசு நாள். மஞ்சளான் என்ற ஆண்குருவி கட்டிய கூட்டுக்குத்தான் முதல் பரிசு. பரிசு என்றால் சும்மாவா? வாத்தியார் வேலை! எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில், தவிட்டி முன்னே வந்தாள்.

"கூடு அழகாத்தான் இருக்கு. உச்சியில எத்தனை முடிச்சு போட்டிருக்கீங்க?"

"ஏளா, முத்திரை ஒட்டியாச்சு, பிறகென்ன கேள்வி?" என்று குளவியார் சீறினார்.

"என் முட்டை விழுந்த கூட்டுக்கும் நீங்கதான் முத்திரை ஒட்டுனீங்க."

கூட்டம் மஞ்சளான் பக்கம் திரும்பியது. மூன்று முடிச்சு வேண்டிய இடத்தில் அவன் போட்டது ஒன்றுதான். பரிசு நாளுக்குள் முடிக்கிற அவசரத்தில் அதன்மேல் ஈரமண்ணை அப்பி மறைத்திருந்தான். 'மூணு' என்று வாய் கூசாமல் சொன்னால் போதும், வேலையும் கிடைக்கும், தவிட்டியும் குடிவருவாள்.

"ஒண்ணுதான்," என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. பறந்துபோய் மண்பூச்சைக் கொத்தி உடைத்து, அந்த ஒற்றை முடிச்சை எல்லோருக்கும் காட்டி, அதையும் அலகால் அறுத்துவிட்டான். பரிசுக் கூடு பொத்தென்று தரையில் விழுந்தது.

"கெடுத்தானே பாவி!" என்று புற்றுக்குள்ளிருந்து கறையான் அம்மாள் அலறினாள்.

"இந்தத் தடவை மூடுறதுக்கு முந்தியே கூப்பிடுதேன். நீங்களே வந்து இழுத்துப் பாருங்க," என்று தவிட்டியிடம் சொல்லிவிட்டு, மஞ்சளான் புதிதாக நார் கிழிக்கத் தொடங்கினான்.

மூன்றாம் நாள் கவிழ்த்த சட்டி போல் பாதிக் கூடு தொங்கியது. குறுக்கே ஒரு நார்ப்பாலம். வாசலும் இல்லை, பூச்சும் இல்லை. சிறகடித்துக் கூப்பிட்டான். தவிட்டி வந்தாள். ஒவ்வொரு முடிச்சாக அலகால் பிடித்து இழுத்தாள். பாலத்தில் உட்கார்ந்து ஊஞ்சலாடினாள். அந்த நேரம் பார்த்தா காற்று வர வேண்டும்! ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், கூடு எம்மாத்திரம்? முத்திரை ஒட்டிய கூடுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"இறங்கு தவிட்டி, இறங்கு!" என்று காடே கத்தியது.

அவள் இறங்கவில்லை. பாதிக் கூடு சுழன்றது, தலைகீழாகக்கூட ஆடியது. மூன்று முடிச்சும் அசையவில்லை. காற்று ஓய்ந்ததும் தவிட்டி தலையை நீட்டி, "மீதியைக் கட்டுங்க, இங்கதான் என் பிள்ளைங்க பொரிக்கும்," என்றாள். காடு முழுக்க ஒரே ஆரவாரம்! குளவியார் கையிலிருந்த முத்திரை மண்ணை ஓடையில் கரைத்தார்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதியோடு நிறுத்திச் சிறகடித்துப் பெண்குருவியைக் கூப்பிடுகிறது. அவள் இழுத்துப் பார்த்துச் சரியென்றால் மீதியைக் கட்டுகிறது. வேண்டாமென்று பறந்துவிட்டால், அந்தக் கூட்டை அப்படியே தொங்கவிட்டு, அடுத்த ஓலையில் முதல் முடிச்சைப் போடுகிறது.