மோர் வராத பந்தி

முன்னொரு காலத்தில், இன்ன ஊர் என்று யாரும் குறித்து வைக்காத ஒரு ராஜ்ஜியத்தில், வெயிலுகந்தான் காலையில் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். வாசலில் தண்ணீர் தெளித்தான். கோலம் போடத் தெரியாததால் போடவில்லை. பழைய சோற்றில் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி மாசி மாதம் இறந்துபோனதிலிருந்து இதையெல்லாம் அவன்தான் செய்தான். பிறகு தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனான். அவன் அரண்மனை விகடகவி. ராஜாவைச் சிரிக்க வைப்பது உத்தியோகம்.

அன்றைக்கு ராஜாவுக்குச் சிரிப்பு வேண்டியிருக்கவில்லை. புகழ் வேண்டியிருந்தது.

ஆற்றுக்கு அக்கரை நாட்டில் அண்ணனும் தம்பியும் சிம்மாசனத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எரிந்ததென்னவோ குடியானவர்களின் வீடுகள். ஜனங்கள் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடிவந்தார்கள். போருக்குத் தப்பி வந்தவர்களுக்குப் படியளந்த மகராசன் என்று புலவர்கள் தன்னைப் பாட வேண்டும் என்பது ராஜாவின் ஆசை. வந்தவர்கள் தங்கிவிடக் கூடாது என்பதும் அவர் ஆசை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சட்டம் வேண்டும் என்று பிரதானி நல்லபெருமாளிடம் சொன்னார்.

நல்லபெருமாள் உச்சிவேளைச் சாப்பாட்டுக்குப் போவதற்குள் சட்டத்தைச் செய்து முடித்துவிட்டார். விதி இரண்டு. முதல் விதி: அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கு மட்டும் நாட்டுக்குள் அனுமதி, பந்தி முடிந்ததும் படகேற்றி வந்த கரைக்கே அனுப்பிவிட வேண்டும். இரண்டாம் விதி: அக்கரையில் நடந்ததாக யார் எதைச் சொன்னாலும், வீடு எரிந்தது, ஆள் செத்தது, பிள்ளையைக் காணோம் என்று எதைச் சொன்னாலும், அந்த நாட்டு அரசரின் முத்திரை இல்லாமல் ஏற்கக் கூடாது. அண்ணன் முத்திரையா தம்பி முத்திரையா என்று விதியில் இல்லை.

வெயிலுகந்தானின் மனைவி இறந்தபோது ஊர் மணியக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. சாவுக்கு முத்திரை என்று ஒன்று தேவைப்படும் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

நல்லபெருமாளுக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர் பேசினால் ராஜா தலையாட்டுவார். வெயிலுகந்தான் பேசினால் சிரிப்பார். ஆகவே, பந்தி விசாரிக்கிற பொறுப்பை விகடகவிக்கே கொடுக்கலாம் என்று பணிவாகச் சொன்னார். பந்தி முடிந்த பிறகும் ஒரே ஒரு ஆள் இக்கரையில் நின்றாலும், பொறுப்பாளரையும் அதே படகில் ஏற்றிவிடலாம் என்பதையும் அதே பணிவோடு சொன்னார். ராஜா தலையாட்டினார்.

முதல் படகில் வந்தவர்களை ஆற்றங்கரைச் சத்திரத்தில் உட்கார வைத்தார்கள். வெயிலுகந்தான் வரிசையாக இலை போட்டுக்கொண்டு வந்தான். கடைசியில் உட்கார்ந்திருந்த செண்பகவடிவு என்ற இளம்பெண் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னாள்.

"யாருக்கு?" என்றான்.

"அவுகளுக்கு. பின்னால வாராக."

அவன் இலை போட்டான். இரண்டிலும் சோறு வைத்தான். அவள் தன் சோற்றைத் தொடவில்லை. அவர் சாப்பிடாமல் தான் சாப்பிட்டுப் பழக்கமில்லை என்றாள்.

எதிர்வரிசையில் இருந்த பெரியவர் அவனைக் கிட்டே கூப்பிட்டுத் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். படகு மணலில் தட்டி நின்றதாம். அவள் புருஷன் இறங்கித் தள்ளினானாம். படகு நகர்ந்ததும் முதுகில் அம்பு பாய்ந்து அக்கரையிலேயே விழுந்தானாம். அவளும் பார்த்தாளா என்று வெயிலுகந்தான் கேட்டான். எல்லாரும்தான் பார்த்தோம் என்றார் பெரியவர்.

சத்திரத்து ஜன்னலில் அக்கரைப் புகை தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே திரும்பிப் போகும் படகு தயாராக நின்றது. வெயிலுகந்தான் அடுக்களைக்குள் போனான். மோர்ப் பானையை வெளியே கொண்டுவர வேண்டாம் என்று சமையல்காரர் அனந்துவிடம் சொன்னான்.

"மோர் ஊத்தாட்டி பந்தி எப்படிய்யா முடியும்?" என்றார் அனந்து.

"முடியாதுதான்" என்றான் வெயிலுகந்தான்.

அனந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு இன்னொரு உலைக்கு அரிசி களைந்தார்.

குழம்பு போயிற்று. ரசம் போயிற்று. மறுபடியும் குழம்பு போயிற்று. பொழுது சாய்ந்ததும் அவரவர் இலைக்கு முன்னாலேயே படுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் எழுந்து உட்கார்ந்தார்கள். ரசம் வந்தது. இலை வாடினால் அதன் மேலேயே புது இலை போட்டார்கள்; பழையதை எடுத்தால் பந்தி முடிந்ததாகிவிடும். ஒருவர் கொல்லைக்குப் போக வேண்டும் என்று கூச்சத்தோடு எழுந்தார். போகலாம், கை கழுவுவது மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெயிலுகந்தான் அனுமதி கொடுத்தான். அடுத்த படகில் வந்தவர்களுக்கும் அதே பந்தியில் இலை போட்டான். செண்பகவடிவு ரசத்தை மட்டும் குவளையில் வாங்கிக் குடித்தாள். பக்கத்து இலையில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறினாள்.

தினமும் ராஜா கேட்பார்.

"பந்தி முடிந்ததா?"

"இன்னும் ரசத்தில் இருக்கிறார்கள், மகாராஜா."

"நம் கல்யாணப் பந்தியே மாலைக்குள் முடிந்துவிட்டதே."

"அதில் யாருக்கும் அவ்வளவு பசி இல்லை, மகாராஜா."

ராஜா யோசித்துப் பார்த்து, அது உண்மைதான் என்றார். புலவர்கள் அதற்குள் பாட ஆரம்பித்திருந்தார்கள். முடியாத பந்தி போட்டவன் என்று ஒரு பாட்டு அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது.

நல்லபெருமாளுக்குச் சங்கதி புரியச் சில நாள் ஆயிற்று. புரிந்ததும் அவரே சத்திரத்துக்கு வந்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுக்களைக்குள் நுழைந்து மோர்ப் பானையைத் தூக்கி வந்து, வரிசையாக ஊற்றினார். பரிமாறிப் பழக்கமில்லாததால் பாதி தரையில் போயிற்று. புளித்த மோர். யாரும் முகம் சுளிக்கவில்லை. பிரதானி கையால் ஊற்றிய மோரை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? பிசைந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பெரியவர் படகு நின்ற பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

செண்பகவடிவு மட்டும் இரண்டு இலைகளையும் கையால் மறைத்துக்கொண்டாள்.

"அவுக வரட்டும்" என்றாள்.

நல்லபெருமாள் ராஜாவிடம் முறையிட்டார்; வழக்கு அங்கேயே நடந்தது. ராஜா பல்லக்கில் வந்தார். ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் சாப்பிட்டு முடிக்காதபோது மற்றவர்களை எழுப்பலாமா என்று வெயிலுகந்தான் கேட்டான். அது அநாகரிகம், நம் நாட்டில் அப்படி நடந்ததில்லை என்றார் ராஜா. அவருடைய கல்யாணத்தில் பல் போன சித்தப்பா வடையை மென்று முடிக்கும்வரை ஊரே உட்கார்ந்திருந்தது.

"மகாராஜா, அந்த இலைக்கு ஆளே இல்லை" என்றார் நல்லபெருமாள். "அவளுடைய புருஷன் இறந்துவிட்டான். இங்கிருக்கும் அத்தனை பேரும் அறிவார்கள். இலையை எடுக்க உத்தரவிட வேண்டும்."

"எங்கே இறந்ததாகப் பிரதானியார் சொல்கிறார்?" என்று கேட்டான் வெயிலுகந்தான்.

"அக்கரையில்."

"முத்திரை இருக்கிறதா?"

இரண்டாம் விதியைப் படிக்கச் சொன்னார் ராஜா. படித்தார்கள். அக்கரையில் நடந்ததாக யார் எதைச் சொன்னாலும், என்று இருந்தது. பிரதானி நீங்கலாக என்று எங்கும் இல்லை.

"மகாராஜாவின் சட்டப்படி அவர் உயிரோடு இருக்கிறார்" என்றான் வெயிலுகந்தான். "வந்துகொண்டிருக்கிறார். சோறு வைத்தாயிற்று. வந்ததும் உட்காருவார்." இதைச் சொல்லும்போது அவன் அந்த இரண்டு இலைகள் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

ராஜா நல்லபெருமாளின் பக்கம் திரும்பினார். படகு தயாராகத்தானே நிற்கிறது, போய் முத்திரை வாங்கி வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்றார்.

நல்லபெருமாள் ஜன்னலைப் பார்த்தார்.

"மகாராஜா, அங்கே போர் நடக்கிறது."

"அதற்கும் முத்திரை வேண்டும், பிரதானியாரே" என்றான் வெயிலுகந்தான்.

ராஜா சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் நிற்கும்வரை சிரித்தார். ராஜா சிரித்ததால் சேவகர்களும் சிரித்தார்கள். தாமதமாக நல்லபெருமாளும் சிரித்தார். சிரித்து முடித்ததும் ராஜா உத்தரவு போட்டார். அந்த இலைக்கு உரியவர் வந்து சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பந்தி முடியாது. அதுவரை பந்தியில் இருப்பவர்கள் எழுந்து நடக்கலாம், வீடு கட்டலாம், பயிர் செய்யலாம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யலாம். பந்தியில் இருப்பதாகவே கொள்ளப்படும். நல்லபெருமாள் தினமும் வந்து பரிமாறுவார். கை பழக வேண்டும் அல்லவா? வெயிலுகந்தானுக்குத் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். மோர்ப் பானைக்கு இனி அவனே அதிகாரி, அவன் சொல்லாமல் யாருக்கும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்றும் சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்கிற மற்றவர்கள், செண்பகவடிவு ராஜாவின் காலில் விழுந்து அழுதாள், வாழ்த்தினாள் என்றெல்லாம் சொல்லுவார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பல்லக்கு போன பிறகு வெயிலுகந்தான் அவளிடம் போய், இனி யாரும் இங்கிருந்து போக வேண்டியதில்லை என்று சொன்னான். அவளுக்கு விளங்கியதா என்று தெரியாததால் இரண்டாவது தடவையும் சொன்னான். அவள் இரண்டு இலைகளையும் பார்த்தாள். தன் இலையில் காய்ந்து கிடந்த சோற்றைக் கையால் ஒதுக்கிக் கூட்டினாள். நடுவில் குழி செய்தாள். அவன் பானையைக் கொண்டு வந்தான். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"எனக்கு மட்டும் ஊத்துங்க அண்ணாச்சி. அவுக இலையில வேண்டாம்."